சல்லடைக் கண்ணும் ஜெட் என்ஜினும்

2024 வாக்கில இண்டிகோவோட 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்காம தரையில நின்னது ஞாபகம் இருக்கா? ‘என்ஜின் கோளாறு’ன்னு செய்தி ஒரு வரியில முடிஞ்சிடும். அதுக்குப் பின்னாடி இருந்த பெரிய காரணம் ஒரு உலோகப் பொடி.

ஜெட் என்ஜின் டர்பைன்ல பிளேடுகளைத் தாங்கிச் சுத்துற கனமான சக்கரத்துக்கு டிஸ்க்னு பேரு. ஒரு பிளேடு உடைஞ்சா, என்ஜினோட உறை அதைத் தடுத்துடும். அப்படித்தான் வடிவமைக்கிறாங்க. டிஸ்க் உடைஞ்சா எதாலயும் தடுக்க முடியாது; துண்டுகள் உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அதனால டிஸ்க் உடையவே கூடாது.

இதைச் செய்யறது நிக்கல் சூப்பர் அலாய்ல. குரோமியம், கோபால்ட், டைட்டானியம்னு நிறைய சேர்ந்த கலவை. உருக்கிப் பெரிய கட்டியா வார்த்தா, மெதுவா ஆறும்போது கலவை பிரிஞ்சிடும். குச்சி ஐஸ்ல கலரும் இனிப்பும் ஒரு பக்கமா ஒதுங்குமே, அந்த மாதிரி.

அதனால, உருகின உலோகத்தை ஒழுகவிட்டு, ஆர்கான் வாயுவை வேகமா பீய்ச்சித் தூளாக்குறாங்க. ஒவ்வொரு துளியும் சட்டுனு உறைஞ்சிடும், பிரிய நேரமே இல்ல. அந்தப் பொடியைச் சலிச்சு, எஃகு டப்பாவுல அடைச்சு, காத்தை உறிஞ்சி, சூடும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்குறாங்க. திரும்ப உருக்குறதே இல்ல. அப்புறம்தான் டிஸ்க் வடிவத்துக்கு அழுத்துறாங்க.

எனக்குப் பிடிச்ச இடம் அந்தச் சலிக்கிற வேலைதான். நம்ம வீட்ல மாவு சலிக்கிற அதே காரணம். உலோகம் உருக்குற மூசையிலேர்ந்து பீங்கான் துணுக்கு ஒண்ணு பொடியில விழுந்துட்டா, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். சல்லடைக் கண்ணு எவ்வளவு சின்னதோ, உள்ள போகக்கூடிய துணுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு சின்னது.

2015 கடைசிலேர்ந்து 2021 வரைக்கும் தயாரான பொடியில மாசு கலந்திருக்குன்னு, 2023 ஜூலையில ப்ராட் அண்ட் விட்னியோட தாய் நிறுவனம் ஆர்டிஎக்ஸ் அறிவிச்சுது. அலாய் ஃபார்முலாவுல தப்பே இல்ல, கவனிங்க. செப்டம்பர்ல, 600-லேர்ந்து 700 என்ஜினைக் கழட்டணும்னாங்க. டிஸ்க்கை அல்ட்ராசவுண்ட் வெச்சுத் தேடணும். என்ஜின் திரும்ப இறக்கைக்கு வர 250-லேர்ந்து 300 நாள். மாத்து என்ஜினும் கைவசம் இல்ல. விமானம் நிக்காம என்ன பண்ணும்?

பிளேடு கதை வேற. அது முழுசும் ஒரே படிகம். அதை அடுத்த எபிசோடுல பேசுவோம்.