லினோ அச்சுப்படமும் நம் கைக்கோடும்



பால் மரம் சீவியவர்களுக்கு ஒன்று தெரியும். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அந்த அளவைக் கைதான் அறியும். லினோ அச்சுக்கலைக்கும் அத்தகைய கையே வேண்டும்.

ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, துணிமேல் பரப்பிச் செய்யும் தரைவிரிப்பே லினோலியம். அதில் படம் வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைச் சிற்றுளியால் செதுக்கி எடுக்கிறோம். மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். ஆகையால் எழுத்துகளைத் திருப்பியே செதுக்க வேண்டும். பழகுவதற்கு, பென்சில் கோட்டை அழிக்கும் ரப்பரே போதும். உளி போகும் வழியில் மற்றக் கையை வைக்கலாகாது.

1930-இல் காந்தியடிகள் உப்பு யாத்திரை சென்றதை வங்க ஓவியர் நந்தலால் போஸ் இம்முறையில் செதுக்கினார். கறுப்புப் பின்னணி, கோலூன்றி நடக்கும் உருவம், சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவே. வேண்டாததை விட்டதால்தான் அது மனத்தில் நிற்கிறது.

நமக்கென்று ஒரு பாணி எப்படி வரும்? பிறர் படத்தைப் பார்த்துப் பழகுவதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிடக் கூடாது. பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்து வாசல், பாட்டியின் பால்வாளி, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்று இவற்றை நம்மைப்போல் கண்டவர் யார்? ஒரே காட்சியைப் பத்து முறை செதுக்குவோம். பத்தாவதில் நம் கோடு மெல்லத் தலைகாட்டும்.

இந்த வாரமே பாட்டியிடம் அந்தப் பழைய வாளியைக் கேட்டு வாங்கி, எதிரே வைத்துத் தொடங்குவோம்.