கைக்கு அளந்த கத்தி



மடித்துச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளத்தக்க சிறு கத்தி ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். இத்துணைச் சிறிய பொருளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாள்தோறும் பலமுறை கைக்கு வந்து போகும் பொருள்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணாமையின் கூலியைப் பெரும்பாலும் விரல்களே செலுத்துகின்றன.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை ஒட்டி, ஜீவனஹள்ளி அமைந்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் வட்டாரம் அது. காலை வேளையில் அத்தகைய வட்டாரம் ஒன்றின் தெருக்களில் நடந்து, மக்களின் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். பூக்கட்டுபவர் வாழைநாரைக் கிழிக்கிறார். மளிகைக் கடைக்காரர் மூட்டையின் தையலைப் பிரிக்கிறார். மின்பணியாளர் கம்பியின் மேலுறையைச் சீவுகிறார். பள்ளிச் சிறுவனுக்குத் தாய் பென்சில் சீவிக் கொடுக்கிறாள். இவர்கள் கையில் இருப்பது என்ன? ஒருவரிடம் பாதியாக உடைத்த சவர பிளேடு. இன்னொருவரிடம் முறிந்த ஹேக்ஸா பிளேடைத் தேய்த்துத் துணி சுற்றிய துண்டு. வேறொருவரிடம் நடைபாதையில் வாங்கிய மடக்குக் கத்தி. அது எப்போது மடங்கும் என்பது அதற்கே வெளிச்சம்.

இதே நகரில் நம்மவர் கைகள் எத்தகைய வேலைகளைச் செய்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிறந்தது. 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் இந்துஸ்தான் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கணக்கிட்டு இரும்பைச் சீவிய தொழிலாளருள் தமிழர் ஏராளமானோர். அத்தகைய கைகள் வீட்டுக்குத் திரும்பியதும், எவரோ எந்தக் கைக்கோ செய்த கத்தியால் எலுமிச்சம்பழம் அரிந்தன. நுட்பம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மடக்குக் கத்தி நமக்குப் புதிது என்று எண்ண வேண்டா. ஏட்டுச் சுவடிகளின் காலத்தில் எழுத்தாணிகள் பல வகையாக இருந்தன. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அவற்றைப் பிரித்து, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். பனையோலையின் ஓரத்தைச் சீராக வாருவதற்குக் கத்தி தேவைப்பட்டது. ஆகவே எழுத்தாணியோடு கத்தியும் இணைந்தது. மடக்கெழுத்தாணியில் கூரும் அலகும் பிடிக்குள் மடங்கி அடங்கும். ஒரு புறம் எழுத்தாணியும் மறு புறம் கத்தியும் அமைந்தவையும் உண்டு. புலவரும் கணக்கரும் பயணத்தில் உடன் கொண்டுசெல்வதற்கு ஏற்ற கருவி அது.

மேலை நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுவே. பறவையின் இறகைச் சீவிப் பேனாவாக்க வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி என்று பெயர் பெற்றது. இறகுப் பேனா மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. இரு நாட்டிலும் சட்டைப் பைக் கத்தி, எழுதுகோலின் தோழனாகவே வாழ்ந்திருக்கிறது. தமிழில் இதற்கு வில்லுக்கத்தி என்றொரு பெயரும் உண்டு. பிடியின் முதுகில் வில் போல் வளைந்து நின்று அலகை அழுத்தும் எஃகுத் தகட்டை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். பெங்களூர்க் கடைத்தெருவிலோ ‘சாக்கு’ என்று கேட்டால்தான் கத்தி கிடைக்கும். நம் ஊரில் அவ்வாறு கேட்டால் கோணிப்பையை எடுத்துப் போடுவார்கள்!

வெளிமாநிலத்தில் வாழும் நாம் அறிய வேண்டிய வரலாறு ஒன்று சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்தது. கார்ல் எல்ஸனர் என்ற கத்தித் தொழிலாளர் 1884-இல் இபாக் என்னும் சிற்றூரில் பட்டறை தொடங்கினார். அந்நாளில் அவ்வட்டாரம் வறுமையில் வாடியது; இளைஞர் பிழைப்புத் தேடி அயல்நாடு சென்றனர். சுவிஸ் படைவீரரின் கத்திகளோ ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. எல்ஸனர் கத்தி செய்வோரை ஒன்று திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். 1891-இல் சுவிஸ் படைக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கினார். ஓர் அலகு, ஒரு துளையூசி, தகர டப்பா திறக்கும் கருவி, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி ஆகியவை அதில் அடங்கியிருந்தன. 1897-இல் அதனினும் இலேசான கத்தி ஒன்றைப் பதிவு செய்தார். பிடியின் இரு புறத்துக் கருவிகளுக்கும் ஒரே வில் பணி புரியுமாறு செய்தது அவருடைய நுட்பம். சொந்த ஊரிலேயே பலருக்கு வேலை கிடைக்க ஒரு சட்டைப் பைக் கத்தி வழி செய்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நல்ல கத்தியை எவ்வாறு வடிவமைப்பது என்று பார்ப்போம். பெரும்பாலோர் அலகிலிருந்து தொடங்குகின்றனர். பளபளப்பையும் கூரையும் கண்டு மயங்குகின்றனர். தங்க ஊசி என்று கண்ணைக் குத்திக்கொள்ளலாமா? கையிலிருந்து தொடங்குவதே முறை. 

முதலாவது, பிடியின் நீளம். உள்ளங்கையின் அகலம் ஆடவருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர். பெண்டிருக்கு அதனினும் சற்றுக் குறைவு. பிடி இதனினும் குறுகியிருந்தால் அதன் நுனி உள்ளங்கையின் நடுவில் போய் அழுத்தும். மென்மையான நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடும் இடம் அது. சிறிது நேர வேலையிலேயே கை மரத்துப் போவதற்கு இது ஒரு காரணம். ஆகவே பிடி 10 அல்லது 11 சென்டிமீட்டர் இருத்தல் நலம். அலகு பிடிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அதன் நீளம் 7 அல்லது 8 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், மூட்டை பிரிக்கவும் அதற்கு மேல் வேண்டுவதில்லை.

இரண்டாவது, பிடியின் பருமன். இங்கேதான் வழக்கு எழுகிறது. சட்டைப் பை மெல்லிய கத்தியைக் கேட்கிறது; கையோ பருத்த பிடியைக் கேட்கிறது. அழுத்திப் பிடித்து வேலை செய்யும் கைக்கருவிகளின் பிடிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை விட்டம் வேண்டும் என்பது கருவி இயல் அறிஞர் கூறும் பொது அளவு. அத்துணைப் பருமனைச் சட்டைப் பை தாங்காது. இவ்வழக்கில் இரு தரப்பாரையும் சமாதானப்படுத்தும் வடிவம் முட்டை வடிவம். இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை சென்டிமீட்டர் கனமும் உள்ள முட்டை வடிவப் பிடி, பைக்குள் தட்டையாகக் கிடக்கும். கைக்குள் நிறைவாக நிற்கும். மற்றொரு நன்மையும் உண்டு. உருண்டைப் பிடி கையில் சுழலும்; முட்டை வடிவப் பிடியோ கத்தியின் வாய் எப்பக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே விரலுக்கு உணர்த்தும். மின்சாரம் நின்றுபோன இரவில் இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, திறக்கும் முறை. பழைய கத்திகளில் அலகின் மேல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். இளைஞரின் உலர்ந்த கைக்கு அது போதும். முதியவரின் தேய்ந்த நகத்துக்கும், பாத்திரம் துலக்கி ஈரமான கைக்கும் அது போதாது. இத்தகைய அலகைத் திறக்கப் பல்லைத் துணைக்கு அழைப்போரும் உளர். அலகில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பற்றத்தக்க இடம் இரு புறமும் வேண்டும். ஒரு புறம் மட்டும் பள்ளம் வெட்டினால் இடக்கைப் பழக்கமுடையோர் வருந்துவர். 

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது, பூட்டு. வில்லால் மட்டும் நிற்கும் அலகு, வெட்டும்போது மடங்குவதில்லை. ஏனெனில் வெட்டும் விசை அதனைத் திறந்த நிலையிலேயே தள்ளுகிறது. நுனியால் குத்தித் துளையிடும்போதோ, சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதோ விசை திரும்பிவிடும். அந்த நொடியில் அலகு தன் பழைய இடத்தைத் தேடி மடங்கும். அங்கே நம் விரல்கள் இருக்கும். பிரான்சு நாட்டின் சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் உருவாக்கிய கத்தி, உழவருக்கும் இடையருக்கும் ஏற்ற எளிய மரப்பிடிக் கத்தி. 1955-இல் மார்செல் ஓபினெல் அதன் கழுத்தில் சுழலும் உலோக வளையம் ஒன்றைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு பின்னோக்கி மடங்காது. வலக்கைக்கும் இடக்கைக்கும் அது ஒன்றே. விலை மிகுந்த பூட்டுகள் பின்னர்ப் பல வந்தன. ஆனால் சிறு பட்டறையில் செய்யவும் செப்பனிடவும் ஏற்ற இந்த வளையத்தின் எளிமை இன்றும் வியக்கத்தக்கது.

இத்துடன், பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் சிறு மேடு ஒன்று வேண்டும். அழுத்தும்போது விரல் வழுக்கி வாய்ப்பக்கம் சென்றுவிடாமல் அது வரப்புப் போல் தடுக்கும். 

அலகைப் பற்றியும் சில சொற்கள். கார்பன் எஃகு விரைவில் கூர் ஏறும். சாணைக் கல்லில் நான்கு முறை இழுத்தாலே போதும். ஆனால் புளியும் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுத்துத் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு அத்தொல்லையைத் தராது. அதற்குச் சாணை பிடிக்கப் பொறுமை வேண்டும். பழமும் காயும் மிகுதியாக நறுக்குவோருக்குப் பின்னதும், கயிறும் மரமும் சீவுவோருக்கு முன்னதும் பொருந்தும். எதுவாயினும் மழுங்கவிடலாகாது. மழுங்கிய கத்தியே ஆபத்தானது. அதனை மிகுதியாக அழுத்த வேண்டியிருக்கிறது. மிகுதியாக அழுத்திய கை வழுக்கினால் காயமும் ஆழமாகிறது.

இந்த அளவுகளையெல்லாம் யார் கையில் எடுப்பது என்பதே நம் முன் நிற்கும் வினா. நெடுங்காலம் நம் நாட்டில் விற்ற கருவிகள் பிறநாட்டார் அளவையே பின்பற்றின. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் இந்தியரின் உடல் அளவுகளை ஒரு நூலாக வெளியிட்டது. தேவ்குமார் சக்கரவர்த்தி அதன் ஆசிரியர். நம் மக்களின் கை எவ்வளவு நீளம், பிடி எவ்வளவு அகலம் என்பதை நாம் ஊகிக்க வேண்டிய நிலை அதனால் குறைந்தது. ஆயினும் நூலில் உள்ள சராசரிக் கை எவருடைய தோளிலும் தொங்குவதில்லை. பூக்கட்டும் பெண்ணின் கை வேறு. மூட்டை தூக்குபவரின் கை வேறு. மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டியின் கை வேறு. 

ஆகவே ஜீவனஹள்ளி போன்ற ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள இளைஞருக்கு ஒரு பணியைப் பரிந்துரைக்கிறோம். உங்கள் தெருவில் இருபது பேரின் உள்ளங்கையை நூலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுள் பெண்களும் முதியோரும் இடக்கைப் பழக்கமுடையோரும் இருக்கட்டும். பின்னர் மரத்தில் மூன்று அளவுப் பிடிகளைக் கடைந்து, அலகில்லாமலே அவர்கள் கையில் கொடுங்கள். மைசூர் சாலையில் உள்ள சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலை மரம் இத்தகைய மாதிரிகளுக்கு மிக ஏற்றது. மென்மையாகச் சீவ வரும். எங்கே அழுத்துகிறது, எங்கே நழுவுகிறது என்று அவர்களே சொல்வார்கள். அந்த இடத்தை அரத்தால் தேய்த்து மீண்டும் கொடுங்கள். கை குறை சொல்லாத பிடி கிடைத்த பிறகே எஃகைத் தொட வேண்டும். ஓய்வு பெற்ற இயந்திரத் தொழிலாளர் ஒருவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கக்கூடும்; அவருடைய கண்ணளவு எந்தப் பாடநூலினும் மேலானது.

கத்தி என்றதும் அஞ்சுவோரும் உளர். உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் மடக்குக் கத்தி கைத்திறனுக்குப் பெயர் பெற்றது. திரைப்படங்களோ அதனை வில்லனின் கைக்கு மாற்றிவிட்டன. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்குமென அமைந்த கருவிகளுக்கு அவை விலக்கும் அளிக்கின்றன. நாம் கூறிய கத்தியின் அலகு 3 அங்குலத்தைச் சுற்றியே நிற்கிறது. எனினும் விமானத்தில் இதனைக் கைப்பையில் வைத்தல் ஆகாது. தடையுத்தரவு அமலில் உள்ள நாட்களில் வெளியே கொண்டுசெல்வதும் தகாது. பிறருக்குக் கொடுக்கும்போது மடித்துக் கொடுப்பது நல்ல பழக்கம். பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டுவது நல்ல பண்பு.

ஆயுத பூசையன்று தொழிற்சாலையின் பெரிய இயந்திரத்துக்கும் வீட்டின் சிறு கத்திக்கும் ஒரே சந்தனத்தையும் குங்குமத்தையும் இடுகிறோம். கருவியில் பெரிது சிறிது இல்லை என்ற எண்ணம் அவ்வழக்கத்தில் பொதிந்திருக்கிறது. அந்த எண்ணம் ஆண்டு முழுவதும் நிலைத்தால், உடைந்த பிளேடை விரலிடுக்கில் பிடித்து நார் கிழிக்கும் நிலை ஒரு பெண்ணுக்கும் நேராது. ஓலை வாருவதற்கென மடக்கெழுத்தாணியைச் செய்து தந்த கொல்லர், அதனைப் பிடிக்கும் கையை அறிந்திருந்தார். பிறந்த ஊரைவிட்டு வந்து உழைக்கும் நம்மவர் கையையும் யாரேனும் ஒருவர் அவ்வாறு அறிய வேண்டும். அந்த ஒருவர் அதே தெருவில் வாழ்பவராக இருப்பின் நன்று.