சூசையின் பெட்டிக்கடை வழக்கு

(எடப்புளி நாட்டில் கூடிய ஆதரவாளர்களிடம் மருத்துவமனைப் போதகர் பேசியது)



உங்களில் சிலர் காலையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் விசுவாசத்துக்குள் வந்தால் அரசாங்கச் சலுகை போய்விடுமா? மருத்துவமனைக்கு வரும் தாய்மாரும் இதையேதான் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். பதில் சொல்லுமுன் சென்னையில் எழுந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும்.

அண்ணா சாலை ஓரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரத்தில் இத்தொழில் செய்யும் தாழ்த்தப்பட்டோருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. மதம் மாறியவர் என்று சூசைக்கு மட்டும் மறுக்கப்பட்டது. 1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியே தடை. இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த அந்தப் பட்டியலில் 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை.

அந்த ஏழை மனிதர் 1983இல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1985 செப்டம்பர் 30இல் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளிற்று. தள்ளிய விதத்தைக் கவனியுங்கள். மதம் மாறியபின்னும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாதாம். முன்பு அனுபவித்த அதே கொடுமை, அதே கடுமையோடு கிறிஸ்தவ சமுதாயத்திலும் தொடர்கிறது என்று காட்டவேண்டுமாம். அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றார்கள்.

பிரியமானவர்களே, அந்த ஆதாரம் சூசையின் தோல்பையிலா இருந்தது? நம் தமிழ்நாட்டில் சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்களில் இருந்தது. ஆலயத்தில் தனியாக ஒதுக்கிய இடங்களில் இருந்தது. மேய்ப்பர்களும் மூப்பர்களுமே அறிந்த சங்கதி அது. எங்களுக்குள்ளும் தீண்டாமை உண்டு என்று சபை நீதிமன்றத்தில் சொல்வது வெட்கந்தான். அந்த வெட்கத்துக்கு அஞ்சினால் விலை கொடுப்பவர் செருப்புத் தைக்கிறவரே என்பது எங்கள் எண்ணம்.

பின்பு 2022இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்று வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மறுத்தே தீர்ப்பளித்தது.

இனி இம்மலைக்கு வருவோம். பழங்குடியினருக்கான 1950 செப்டம்பர் 6 ஆணையில் மதத்தைப் பற்றிய அந்தப் பத்தி கிடையாது. மதம் மாறிய ஒரே காரணத்தால் ஒருவர் பழங்குடியினர் அல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2004இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தம் இனத்தாரோடும் அவர்கள் வழக்கங்களோடும் ஒட்டி வாழ்கிறாரா என்று பார்க்கலாம் என்றும் சொன்னது. ஆகவே ஞானஸ்நானம் பெற்றவரை ஊர்ப் பந்தியிலிருந்து விலகச் சொல்லும் ஊழியர்கள் சற்று யோசிக்கவேண்டும்.

சான்றிதழ் வழங்குபவர் கோட்டாட்சியர். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள் என்கிறோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவானாலும், வழக்கறிஞர் உதவி இலவசம். நாமக்கல் போய்வரப் பேருந்துக் கட்டணமும் இழக்கிற நாள் கூலியுமே இவர்களை மலைக்க வைக்கின்றன. உங்கள் காணிக்கையில் அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்க இசைவு கேட்கிறோம்.