அகத்தியர் மலைக்குப் புறப்படுமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரும் தைத் திங்களில் சங்கத்தின் சார்பில் ஒரு குழு அகத்தியர் மலைக்குச் செல்வதெனத் தீர்மானித்துள்ளோம். அதன் ஏற்பாடுகளை எடுத்துரைக்கும் பொறுப்பு பயணக் குழுவினராகிய எங்களுக்குக் கிட்டியிருக்கிறது.

பாறசாலையிலும் அமரவிளையிலும் பாலராமபுரத்து நெசவுத் தெருக்களிலும் வாழும் நமக்கு அம்மலை அயலானதன்று. நம் வயல்களுக்குப் பாயும் நெய்யாறு அங்கேதான் பிறக்கிறது; பொருநையும் அதன் கிழக்குச் சரிவிலிருந்தே இறங்குகிறது. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலை மட்டும் இரு பக்கத்தாருக்கும் பொதுவாகவே நிற்கிறது.

ஆயினும் நினைத்த நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலையன்று அது. உயரம் 1,868 மீட்டர். கேரள வனத்துறை பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரையே வழியைத் திறக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறையும் உண்டு. ஆகவே முன்பதிவு கிட்டியவர் மட்டுமே வரலாம். கிட்டாதவர் வேறு பாதையில் நுழையலாமே என்று சிலர் கூறினர். அதை நாங்கள் ஏற்கவில்லை. அனுமதியின்றிச் சரணாலயத்துள் புகுதல் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனினும் பெரிது, அங்கே வழி தவறினால் நம்மைத் தேடுவாரும் இரார்.

மகளிர் வரலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களைத் தடுத்தலாகாதெனத் தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் முதன்முறையாகப் பெண் ஒருவர் அனுமதி பெற்று உச்சி ஏறினார். அப்போது காணி மக்கள் தம் வருத்தத்தை அமைதியாகத் தெரிவித்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் சட்டம் திறந்த வாயிலைச் சங்கம் அடைப்பது முறையன்று. விருப்பமும் உடல் வலிமையும் உள்ள சகோதரியர் பெயர் தரலாம்.

இனி, எங்கள் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு முறை நாங்கள் சென்றபோது வேகமாக நடப்போர் முன்னே போய்விட்டனர். மூத்த அன்பர் ஒருவர் புல்வெளிச் சரிவில் பின்தங்கினார். முகாமை அடைந்து ஆளெண்ணிய பின்னரே அவர் இல்லாமை தெரிந்தது. இருட்டும் வேளை; யானை நடமாடும் காடு; கைப்பேசியோ பயன்படவில்லை. வழிகாட்டியாக வந்த காணி இளைஞர் ஒருவர் திரும்பிச் சென்று, பாறையோரம் சுளுக்கிய காலோடு அமர்ந்திருந்தவரைத் தோள்கொடுத்து அழைத்து வந்தார். பெரியவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “தண்ணீர் இருந்தால் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டார். அவருடைய தண்ணீர்ப் பை முன்னே சென்றவரின் முதுகில் இருந்தது! அன்றிரவு எங்களில் எவரும் உறங்கவில்லை.

ஆதலால் இம்முறை விதிகள் இவை. மிக மெதுவாக நடப்பவரே முன்னே செல்வார்; அவர் நடையே குழுவின் நடை. வழி தெரிந்த இருவர் கடைசியில் வருவர். ஒவ்வோர் ஓடையைக் கடந்ததும் ஆளெண்ண வேண்டும். அவரவர் தண்ணீரும் மருந்தும் அவரவர் தோளிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் ஓர் ஊதல் இருத்தல் வேண்டும்.

காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரை வழியே பொணக்காட்டை விடியுமுன் அடைவோம். அங்கிருந்து அதிருமலை முகாம் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடை. மறுநாள் உச்சி, பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். மூன்றாம் நாள் திரும்புதல். கம்பளி, கைவிளக்கு, அட்டைக்கு உப்பு, பழகிய காலணி ஆகியவை போதும். பிளாஸ்டிக்கு, மது, பூசைப் பொருள் எதற்கும் இடமில்லை. அகத்தியரை வணங்கக் கைகூப்புதல் போதாதா? இன்று முதல் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். மருத்துவரையும் கண்டு வாருங்கள்.

இம்மலையில் முன்னேற்பாட்டின் அருமைக்குச் சான்று உண்டு. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌன் 1855இல் உச்சியருகே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவிகள் அனைத்தும் மனிதர் சுமந்து ஏறியவை. 1987இல் சென்ற அறிவியலார் களைத்தபோது, உடன்வந்த காணியர் ஒரு செடியின் கனியை உண்டு சோர்வின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சையை உலகம் அறிந்தது அவ்வாறே. படித்தவரின் கருவியும் காட்டவரின் அறிவும் சேர்ந்தாலே அங்கே நடை கூடும். ஆகவே வழிகாட்டி சொல்வதே இறுதிச் சொல். அவர் நில் என்றால் நிற்போம், திரும்பு என்றால் திரும்புவோம்.

உச்சியைக் காணாமல் திரும்பினாலும் குறையில்லை. சென்றவர் அனைவரும் ஒருங்கே பொணக்காட்டில் இறங்கி நின்றால் அதுவே எங்கள் வெற்றி. பெயர் தருவோர் இன்றே தருக. சென்ற முறை பின்தங்கிய அப்பெரியவர் தம் பெயரை முதலாவதாகத் தந்துவிட்டார். அவர்தாம் இம்முறை நம் முன்னே நடப்பார்.