ஹென்றி ஆரன்: பள்ளியிலிருந்து மேஜர் லீக் வரை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியன் ஒருவனை மேடையேற்றினால் அவன் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதனை என்னினும் நன்றாக எடுத்துரைக்கவல்லார் இம்மேடையில் பலர் உளர். நான் இன்று ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் ஆடிய ஆட்டமோ நம் ஊர்ப்பக்கத்தில் எவரும் ஆடாத ஆட்டம். பேஸ்பால் என்பது அதன் பெயர். வீரரின் பெயர் ஹென்றி ஆரன். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் பிறந்த கறுப்பினத்தவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று எவரேனும் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் அந்நாட்டின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்றவர். 1946ஆம் ஆண்டில் அவர், கறுப்பின மக்களின் பேரறிஞரான டுபாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மக்களின் நிலையும் இங்கே தீண்டப்படாதாரின் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதால் தாம் அதனை ஆராய்ந்து வருவதாக அதில் குறிப்பிட்டார். அண்ணலுக்குத் தேவையாக இருந்த பாடம் நமக்கும் தேவையே.

முதலில் ஆட்டத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்தை எறிவார், மற்றொருவர் மட்டையால் அடிப்பார். பந்து தரையில் படாமல் நேரே வரும். நான்கு மூலைகளிலும் பேஸ் எனப்படும் நிலைகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. அடித்தவர் நான்கையும் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். வேலிக்கு அப்பால் பந்தைத் தூக்கி அடித்துவிட்டால், அது ஹோம் ரன். நம் பிள்ளைகள் சிக்சர் என்பது போல. இந்த நான்கு நிலைகளை ஒட்டி நின்று காப்பவர்களை உள்களக் காப்பாளர் எனலாம். அவர்களுள் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். தரையோடு சீறிவரும் பந்தைக் குனிந்து பிடித்து, அடித்தவர் முதல் பேஸை அடையுமுன் அங்கே எறிந்தாக வேண்டும். கண்ணும் காலும் கையும் ஒருசேர இயங்காவிடில் அந்த இடத்தில் நிற்க இயலாது. ஹென்றி ஆரன் அங்கே நின்றுதான் தம் வாழ்வைத் தொடங்கினார்.

அவருடைய தந்தை கப்பல் கட்டும் துறையில் தொழிலாளி. பிள்ளைகள் எண்மர். மொபீலின் ஒரு புறநகர்ப் பகுதியில் சிறு மனை வாங்கி, பழைய மரப்பலகைகளைச் சேர்த்துத் தந்தையே வீடு கட்டினார். மின்விளக்கு கிடையாது. பந்து வாங்கப் பணமில்லாத அச்சிறுவன், சோடாப் புட்டி மூடிகளை எறியச் சொல்லித் துடைப்பக் கம்பால் அடித்துப் பழகினான். காற்றில் வளைந்து வளைந்து வரும் அந்த மூடியை அடித்துப் பழகிய கண்ணுக்குப் பின்னாளில் எந்தப் பந்தும் பெரிதாகத் தோன்றவில்லை போலும்! கற்பிப்பார் இல்லாமையால் மட்டையைப் பிடிப்பதிலும் ஒரு விந்தை இருந்தது. வலக்கைக்காரர்கள் வலக்கையை மேலே வைத்துப் பிடிப்பார்கள். ஹென்றி இடக்கையை மேலே வைத்துப் பிடித்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பின்னரே அது திருத்தப்பட்டது. அத்தனை காலமும் தவறான பிடியோடுதான் அவர் அனைவரையும் வியக்க வைத்தார் என்பதை எண்ணிப்பாருங்கள்.

அக்காலத்தில் அலபாமாவில் பள்ளி, பேருந்து இருக்கை, பூங்கா, குடிநீர்க் குழாய் யாவும் வெள்ளையர்க்கு வேறு, கறுப்பர்க்கு வேறு. பேஸ்பாலின் உயர்ந்த தளமாகிய மேஜர் லீக்கில் கறுப்பரைச் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத சட்டம் ஏறத்தாழ அறுபதாண்டுகள் நிலவியது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி அதனைத் தகர்த்தார். மறு ஆண்டு அவர் மொபீல் நகருக்கு வந்து ஒரு மருந்துக்கடை முன்னே பேசினார். பதினான்கு வயது ஹென்றி வகுப்பைத் துறந்து அந்தப் பேச்சைக் கேட்கச் சென்றார்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். வகுப்புக்கு வராத மாணவனைப் புகழ்ந்து பேசினால், நாளைக் காலை என் பள்ளியிலேயே வருகைப் பதிவேடு என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஹென்றி பல நாள்கள் இவ்வாறு வகுப்பைத் துறந்தவர். அதனால் முதலில் பயின்ற சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியை விட்டு, ஜோசபின் ஆலன் என்ற தனியார் பள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று. அதனை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் தனியே வைத்துப் பார்க்கிறேன். தம்மைப் போன்ற நிறத்தவன் ஒருவன் அந்தப் பெரிய ஆட்டத்தில் ஆடுகிறான் என்று செய்தித்தாளில் படிப்பது வேறு. அவனைக் கண்ணெதிரே காண்பது வேறு. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய மனிதரைப் பள்ளிக்குள்ளேயே அழைத்துவந்து காட்டாதது யார் குறை என்ற கேள்வியும் எனக்கு எழத்தான் செய்கிறது.

1949இல், பதினைந்தாம் வயதில், டாட்ஜர்ஸ் அணியினர் நடத்திய தேர்வுக்குச் சென்றார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் மொபீல் பிளாக் பேர்ஸ் என்ற உள்ளூர் அணியில் ஆடினார். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லத் தாய் எஸ்டெல்லா அம்மையார் இசையவில்லை. மகன் கல்லூரிக்குச் செல்ல வேண்டும் என்பதே அவர் விருப்பம். எட் ஸ்காட் என்பவர் ஹென்றியின் திறமையைக் கண்டு, 1951 நவம்பரில் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணிக்கு ஒப்பந்தம் செய்வித்தார். திங்களுக்கு 200 டாலர் ஊதியம். 1952ஆம் ஆண்டு இளவேனிலில், பதினெட்டு வயது ஹென்றி இரண்டு டாலர், இரண்டு கால்சட்டை, தாய் கட்டித் தந்த இரண்டு ரொட்டிப் பொட்டலம் ஆகியவற்றோடு இரயிலேறினார்.

அந்த அணியோடு ஊர் ஊராகப் பேருந்தில் சென்ற காலத்தில் நிகழ்ந்த ஒன்றை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். இடம் வாஷிங்டன், அதாவது அந்நாட்டின் தலைநகர். மழையால் ஆட்டம் தடைப்பட்டிருந்தது. விளையாட்டரங்குக்குப் பின்புறம் இருந்த ஓர் உணவகத்தில் அணியினர் காலை உணவு உண்டனர். காசு கொடுத்துத்தான் உண்டனர். உண்டு முடித்ததும் சமையற்கட்டிலிருந்து ஓசை கேட்டது. அவர்கள் உண்ட தட்டுகள் ஒவ்வொன்றாக உடைக்கப்படும் ஓசை! நாய் நக்கிய தட்டாயினும் கழுவி வைத்திருப்பார்களே என்று அவர் எண்ணினாராம்.

இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுதந்திரத்தின் பெயரால் எழுந்த மாளிகைகள் நிற்கும் நகரம் அது. அங்கே அவர்களுக்கு உணவு மறுக்கப்படவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், தட்டு கொடுத்தார்கள், காசு வாங்கினார்கள். பிறகு தட்டை உடைத்தார்கள். வெளியே நிற்கச் சொல்வதைவிட இது கொடிது என்பேன். ஏனெனில் வெளியே நிற்கச் சொல்பவனோடு வழக்காடலாம். உள்ளே உடைபடும் தட்டோடு எப்படி வழக்காடுவது? பதினெட்டு வயதில் அந்த ஓசையைக் கேட்ட இளைஞர் அதனை நாற்பதாண்டுகள் கழித்தும் மறக்கவில்லை. அன்று அவர் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது: மழை விட்டதும் களத்தில் இறங்கி ஆடுவது.

சில வாரங்களிலேயே இரண்டு மேஜர் லீக் அணிகள் அவரை நாடின. நியூயார்க் ஜயண்ட்ஸ் ஒன்று. பாஸ்டன் பிரேவ்ஸ் மற்றொன்று. பிரேவ்ஸ் அணியினர் திங்களுக்கு 50 டாலர் கூடுதலாகத் தர முன்வந்ததால் அவர்களுடன் சேர்ந்தார். ஜயண்ட்ஸ் அணியில் அன்று வில்லி மேஸ் என்னும் மாவீரர் இருந்தார். அவ்விருவரும் ஓரணியில் ஆடாமற் போனதற்கு அந்த ஐம்பது டாலரே காரணம் என்று ஆரன் பின்னர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஐம்பது டாலரை அற்பம் என்று எண்ணாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவே முதற்கணக்கு. இந்த மாற்றத்துக்காகக் கிளவுன்ஸ் அணியின் உரிமையாளருக்குக் கிடைத்ததோ 10,000 டாலர்!

மேஜர் லீக்குக்கு நேரே செல்ல முடியாது. கீழ்நிலைப் பயிற்சி அணிகளில் ஆடித் தேற வேண்டும். முதலில் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் என்ற ஊர். கறுப்பின மக்களைக் காண்பதே அரிதான ஊர் அது. அதுவரை வெள்ளையரோடு ஓரணியில் ஆடியறியாத ஹென்றி, பேசவும் கூசி ஒதுங்கியிருந்தார். வீட்டு நினைவு வாட்ட, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்புவதாகத் தொலைபேசியில் கூறினார். இத்தகைய வாய்ப்பை விட்டுவருவது பைத்தியக்காரத்தனம் என்று அண்ணன் கடிந்துரைத்துத் தடுத்தார். விடுதியில் தங்கிப் பயிலும் நம் மாணவர்களுள் முதல் ஆண்டிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு அந்நேரத்தில் அப்படியொரு அண்ணன் வாய்க்கவில்லை. ஹென்றி தங்கினார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த விழுக்காடு .336, ஆயிரம் முறைக்கு 336 முறை வெற்றியாக அடித்தார் என்பது அதன் பொருள். முந்நூறைத் தாண்டினாலே சிறந்த ஆட்டக்காரர் என்பது அங்கே வழக்கு. அவ்வட்டாரத்தின் சிறந்த புதுமுக வீரர் என்ற பட்டமும் கிடைத்தது.

1953இல் அவரைத் தெற்கே புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் அணிக்கு அனுப்பினார்கள். தென் மாநிலங்களின் ஊர்களில் மட்டுமே ஆடும் லீக் அது. அதுவரை அதில் கறுப்பர் எவரும் ஆடியதில்லை. அவ்வாண்டு ஹென்றி ஆரன், ஹொரஸ் கார்னர், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெலிக்ஸ் மான்டிலா ஆகிய மூவர் ஜாக்சன்வில் அணியிலும், வேறிருவர் சவானா அணியிலும் இறங்கினர். கூட்டத்திலிருந்து வந்த வசைச்சொற்களை இம்மேடையில் நான் சொல்ல இயலாது. பயணத்தில் மற்றவர்கள் உணவகத்துக்குள் உண்ண, இம்மூவரும் பேருந்திலேயே அமர்ந்திருக்க, உணவு வெளியே கொண்டுவந்து தரப்படும். அணி விடுதியில் தங்கும்; இவர்கள் கறுப்பின மக்களின் வீடுகளைத் தேடிச் செல்வார்கள். பயிற்சியாளர் பென் ஜெரட்டி என்ற வெள்ளையர், இவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே சென்று உடன் அமர்ந்து பேசுவார். தாம் கண்ட பயிற்சியாளர்களுள் தலைசிறந்தவர் அவரே என்று ஆரன் இறுதிவரை கூறிவந்தார். உலகப் புகழ் பெற்றவர் எவரையும் விடுத்து இந்தப் பெயரை அவர் சொன்னது ஏன் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்கு நன்கு விளங்கும்.

ஜாக்சன்வில்லில் ஷார்ட்ஸ்டாப் இடத்தை மான்டிலாவுக்குத் தந்துவிட்டு ஆரன் இரண்டாம் பேஸைக் காத்தார். காவலில் அவர் செய்த பிழைகள் ஏராளம். மட்டையைப் பிடித்தபோதோ .362 விழுக்காடு, 22 ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் 125. லீக்கின் தலைசிறந்த வீரர் என்ற விருது பத்தொன்பது வயது ஆரனுக்கே கிடைத்தது. எல்லாவற்றிலும் முதலிடம் பெற்றார், விடுதியில் அறை பெறுவதில் மட்டும் பெறவில்லை என்று அந்நாளில் கசப்போடு சொல்வார்களாம்.

அந்தக் குளிர்காலத்தில் போர்ட்டோ ரிக்கோவில் ஆடும்போது அவரை உள்களத்திலிருந்து வெளிக்களத்துக்கு மாற்றினர். உள்களக் காப்பாளர் என்ற நிலையை விட்டுக்கொடுப்பது அவருக்கு எளிதாக இருந்ததோ இல்லையோ, அம்மாற்றமே அவரை மேலே ஏற்றியது. பிரேவ்ஸ் அணி அதற்குள் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. 1954 மார்ச் 13ஆம் நாள் பயிற்சி ஆட்டமொன்றில், அணியின் வெளிக்கள வீரர் பாபி தாம்சன் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் அந்த இடத்தில் ஆரன் நின்றார். ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். ஒருவரின் முறிவில் மற்றொருவருக்கு வாய்ப்புத் திறப்பது உலக இயல்பு. ஆயினும் வாய்ப்புத் திறந்த நாளில் ஆயத்தமாக நிற்பதற்கு முன்னர் எத்தனை ஊர், எத்தனை பேருந்து!

ஏப்ரல் 13ஆம் நாள், தமது இருபதாம் வயதில், சின்சினாட்டி அணிக்கு எதிராக மேஜர் லீக்கில் முதன்முதலாக இறங்கினார். ஐந்து முறை மட்டையெடுத்தார்; ஒருமுறைகூட வெற்றியில்லை. பத்து நாள் கழித்து, 23ஆம் நாள், முதல் ஹோம் ரன். அவ்வாண்டு 122 ஆட்டங்களில் 13. செப்டம்பரில் அவருடைய கணுக்காலும் முறிந்தது.

அதன்பின் நடந்தவை நீண்ட கதை, விரைந்து சொல்கிறேன். 1957இல் லீக்கின் தலைசிறந்த வீரர் விருது. அதே ஆண்டில் அணிக்கு உலகக் கோப்பைக்கு நிகரான வேர்ல்ட் சீரிஸ் வெற்றி. 1973 இறுதியில் 713 ஹோம் ரன். பேப் ரூத் என்ற வெள்ளையரின் 714 என்னும் சாதனையை ஒரு கறுப்பர் முறியடிப்பதா என்று கொதித்தவர்கள் கொலை மிரட்டல் கடிதங்களை எழுதிக் குவித்தனர். அவ்வாண்டு அவருக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 9,30,000. அவற்றுள் வாழ்த்துகளும் மிகுதியாக இருந்தன. ஆயினும் அவர் எடுத்துவைத்துப் பாதுகாத்தவை வசைக் கடிதங்களே. 1976இல் ஓய்வு பெற்றபோது ஹோம் ரன் எண்ணிக்கை 755. அவரோடு, பழைய கறுப்பின லீக்குகளிலிருந்து மேஜர் லீக்குக்கு வந்த வீரர் வரிசையும் முடிவுற்றது. அந்த லீக்குகள் அதற்கு முன்பே அழிந்துவிட்டன. நல்ல வீரர்கள் மேலே சென்றதும் கூட்டம் குறைந்து, இளமை கடந்த பலர் பிழைப்பிழந்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. 2021 ஜனவரி 22ஆம் நாள், 86ஆம் வயதில் ஆரன் காலமானார்.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அட்லாண்டா நகரில் அவர் 715ஆவது ஹோம் ரன்னை அடித்தார். நான்கு பேஸுகளையும் சுற்றி வந்து அவர் நின்றபோது, ஆட்டக்காரர்களின் கூட்டத்துக்குள் புகுந்து வந்த எஸ்டெல்லா அம்மையார் மகனை இறுகக் கட்டிக்கொண்டார். வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்ப மறுத்த அதே தாய் அவர்.