முகத்தில் விழும் ஒளி



உயர்தர வகுப்பு மாணவர் விடைபெறும் நாளில் குழுப்படம் எடுப்பது எங்கள் பாடசாலை வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பகலில், மைதானத்தின் நடுவே எடுத்த படத்தைக் கையில் வாங்கிய ஒரு தாயார், "ஐயா, இதிலை என்ரை பிள்ளையின்ரை கண் எங்கை?" என்று கேட்டார். உச்சி வெயில் நெற்றியை வெளுக்க வைத்துக் கண்குழிகளைக் கருநிழலால் மூடியிருந்தது. என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றுதான் ஒளியைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன்.

வெயில் எரிக்கும் வெளியில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். வெயில் தந்த நிழலைத் தணிப்பதற்கே பிளாஷ் தேவைப்படுகின்றது. ஆயின் அது சூரியனோடு போட்டியிட வேண்டும். பெரும்பாலான கமராக்களில் மூடுதிரையின் வேகம் செக்கனின் 200 அல்லது 250இல் ஒரு பங்குக்கு மேற்பட்டால், சாதாரண பிளாஷின் ஒளி படம் முழுவதிலும் படியாது. அவ்வேகத்தில், ஐ.எஸ்.ஓ. 100இல், வெயிற் காட்சிக்குக் கமராத் துளையை எண் 11 அளவுக்குச் சுருக்க நேரும். கமராவின் தலையிற் பொருத்தும் சிறு பிளாஷ் இங்கே விரைவில் களைத்துவிடும். ஒருவரையோ இருவரையோ அண்மையில் எடுப்பதற்கு 200 வாற்று-செக்கன் வலுவுள்ள பற்றரி விளக்கு கைகொடுக்கும். தூரம் கூடினால் 400 அல்லது 600 வேண்டும். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும் என்பதை வாங்குமுன் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, சொப்ட்பொக்ஸ் என்னும் துணிப்பெட்டி. ஒளி மென்மையாவது துணியால் மட்டுமன்று. முகத்திலிருந்து நோக்கும்போது அவ்வொளி எவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றது என்பதாலேயே. 90 சென்ரிமீற்றர் பெட்டியை ஒரு மீற்றர் தூரத்தில் வைத்தால் நிழலின் ஓரம் இதமாகக் கரையும். அதையே நான்கு மீற்றருக்கு அப்பால் நிறுத்தினால், வெறும் பிளாஷை நோக்கிச் சென்றுவிடும். துணியும் ஒளியிற் பாதியையோ அதற்கு மேலோ விழுங்கும். ஆகவே பெட்டி பெரிதாகப் பெரிதாக விளக்கின் வலுவும் கூட வேண்டும். குடைபோல் விரிந்து மடங்குவதும், உங்கள் விளக்கின் வாய்ப்பூட்டுக்குப் பொருந்துவதுமான பெட்டியே வெளியிடத்துக்கு ஏற்றது.

காற்றை மறவாதீர்கள். கடற்கரையோரப் பாடசாலையாகிய எங்களிடம் பெட்டி பாய்விரித்த தோணியாகிவிடும். ஒருமுறை தாங்கியோடு சாய்ந்து விளக்கின் கண்ணாடி உடைந்தது. அன்று முதல் தாங்கியின் காலில் மணல்மூட்டையும், அருகில் ஒரு மூத்த மாணவனும் இல்லாமல் விளக்கை ஏற்றுவதில்லை.

நாற்பது பேர் நிற்கும் குழுவுக்கோ எந்தத் துணிப்பெட்டியும் நண்பகலில் ஈடுகொடாது. அங்கே செலவில்லாத வழி ஒன்றுண்டு: இடத்தை மாற்றுங்கள். திறந்த நிழலில் ஒளி, வெயிலின் ஏறத்தாழ எட்டிலொரு பங்கே. அங்கு சிறு பிளாஷின் மெல்லிய துணையும் கண்களில் உயிரைக் காட்டும். ஆகவே முதலில் நிழலைத் தேருங்கள். அதன் பின்னரே விளக்கையும் பெட்டியையும் தேருங்கள்.

மறு ஆண்டு வேப்பமர நிழலில் படம் எடுத்தோம். அத்தாயாரின் இளைய மகனும் அதில் நின்றான். படத்தை வாங்கிய அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.