தோற்றது பிள்ளையா, பள்ளியா?

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் உரை)



அண்ணலின் நினைவுநாளில் அவர் வாங்கிய ஒரு மதிப்பெண்ணிலிருந்து பேச்சைத் தொடங்குகிறோம். 1907இல் அவர் மெட்ரிக் தேர்வில் தேறினார். வாங்கியது 750க்கு 282 என்று அவருடைய வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தேர்ச்சிக்காக அன்று பாராட்டுக் கூட்டம் நடந்தது. வகுப்பில் தனியே சாக்குத்துணியில் உட்கார்ந்து, பள்ளித் தண்ணீரைத் தொட முடியாமல் படித்த பிள்ளை எடுத்த மதிப்பெண் அது. அதன் எடை கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. விடைத்தாளைத் திருத்தியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019 ஜனவரியில் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கவும், தோற்றால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு வைக்கவும், அதிலும் தோற்றால் பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைக்கவும் வழி திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்த மாட்டோம் என்று சமாதானமும் சொன்னது. எதிர்ப்பு வலுத்தது. 2020 பிப்ரவரி 4 அன்று அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த மாதங்களில் நாம் காலனி காலனியாகப் போனோம். ஒரு தாய் சொன்னார்: "கூட்டாளிங்க எல்லாம் ஆறாவது போவும்போது இவன் மட்டும் சின்னப் புள்ளைங்களோட உக்காருவானா தம்பி? பள்ளிக்கூடமே வேணாம்னு அப்பாவோட சூளைக்குப் போயிடுவான்." அவர் பயந்தது வினாத்தாளுக்கு அல்ல. நம் காலனிகளில் தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஐந்தோடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும். அந்த வாசலில் ஒருமுறை தடுத்து நிறுத்திய பிள்ளை திரும்பி வராது. பெண்பிள்ளைக்கு எட்டாம் வகுப்புத் தோல்வி என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும். நம் தாத்தா பாட்டிகள் 1953இல் அரைநாள் பள்ளியைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டதும் இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால் அதே கூட்டத்தில் இன்னொரு தாய் எழுந்தார். "பரீட்சையே இல்லாம பாஸ் போட்டுக்கிட்டே போறீங்க. எம்பொண்ணு ஏழாவது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியல. இத எனக்கு யாரு சொல்றது?" நாம் வாயடைத்து நின்றோம். எதிர்ப்பில் நாம் வென்ற பிறகும் அந்தக் கேள்வி நம்மோடுதான் இருக்கிறது. அதை முழக்கத்தால் மூடிவிட முடியாது.

இரண்டு தாய்மாருக்கும் அண்ணலிடம் பதில் இருக்கிறது. 1927 மார்ச்சில் பம்பாய் சட்டசபையில் கல்வி நிதி குறித்துப் பேசியபோது, தொடக்கப்பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்று கணக்குக் காட்டினார். மற்ற எண்பத்திரண்டு பேர் மீண்டும் எழுத்தறியாமையில் விழுகிறார்கள் என்றார். பள்ளிக்குள் வந்த ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தறிவோடுதான் வெளியே போக வேண்டும், அந்த எழுத்தறிவு ஆயுள் முழுக்க நிலைக்க வேண்டும் என்பதே அவர் வைத்த அளவுகோல். அந்த எண்பத்திரண்டு பேரையும் அவர் மக்குகள் என்று சொல்லவில்லை. செலவு செய்யாத அரசிடம்தான் கணக்குக் கேட்டார்.

அதே கணக்கை இன்று கேட்போம். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவரே ஐந்துக்கும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், மாலையில் டியூஷன், வீட்டில் படித்த பெற்றோர் என்று வளரும் பிள்ளைக்கும் இந்தப் பள்ளியின் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பதைச் சமத்துவம் என்கிறார்கள். அரசு கொடுக்கத் தவறியதையெல்லாம் அந்தத் தாள் பிள்ளையின் பெயரில் தோல்வியாக எழுதி வைக்கிறது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும். நோயைக் கண்டறிய ரத்தம் எடுப்பது வேறு, நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது வேறு. 2017இலும் 2021இலும் நடந்த தேசிய அடைவு ஆய்வு மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில்தான் நடந்தது. எந்தப் பிள்ளையையும் அது தோற்கடிக்கவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிக்க வேண்டும் என்கிறது. சொன்னபடி நம் காலனிப் பள்ளியில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

ஆபத்து போய்விடவில்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, தான் நடத்தும் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை நிறுத்தி வைக்க விதி கொண்டுவந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ஆட்சியாளர் மனம் மாறினால் அந்த வடிகட்டி இங்கும் வரும்.

ஆகவே தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் நம் தாய்மார் உட்காரட்டும். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் தடையின்றிப் படிக்கிறார்கள், படிக்க முடியாதவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்கட்டும். கூட்டக் குறிப்பேட்டில் பதிலை எழுதி வாங்கட்டும். மாணவர்களாகிய நீங்கள் வாரம் இரண்டு மாலை இரவுப் பாடசாலைக்கு வாருங்கள். ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இப்போது வளர்ந்திருப்பாள். அவளுடைய தங்கைகள் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

ஜெய்பீம்.